கூடாரம் அடிக்கும் இடம்: அழகு மட்டும் போதுமா?

மே மாத விடுமுறையில் நம் குடியிருப்பிலிருந்து குழந்தைகள், பெரியவர்கள் என்று சுமார் அறுபது பேர் இரண்டு இரவு கூடாரத்தில் தங்கிவரலாம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது நினைவிருக்கும். அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் சுற்றிவருகின்றன. ஒன்று, மலையடிவாரத்தில் ஒரு தனியார் தோப்பு. ஓடைக்கரையில் வரிசையாக ஆரஞ்சு நிறக் கூடாரங்கள், பின்னால் பச்சை மலை. இன்னொன்று, ஏலகிரியில் ஒரு விடுதியின் விளையாட்டு மைதானம். நான்கு மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தகரக் கூரை. முதல் படத்துக்கு இதயக் குறிகள் குவிந்தன. இரண்டாவது படத்துக்கு ஒருவர் "ஸ்கூல் கிரவுண்ட் மாதிரி இருக்கே" என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் முதலில் ஓடைக்கரைக்குத்தான் கை தூக்கினேன்.

பிறகு, வழக்கம்போல் இந்த இதழுக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, 'தங்குவதற்கு இடம் தேர்ந்தெடுப்பது' என்பதையே தலைப்பாக வைத்துக்கொண்டேன். படிக்கப் படிக்க என் கை மெல்லக் கீழே இறங்கியது. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாக்கெடுப்புக்கு முன் ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள்.

நான்கு ஸ்டேஷன் தள்ளி

நம் பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். 1863 மே 30 அன்று இந்தப் பல்லாவரத்தில், ராணுவ மைதானத்தை ஒட்டிய செம்மண் சரளையில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். சும்மா கிடந்த கல் அல்ல. மனிதக் கை செதுக்கிய கற்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதல் சான்றாக அறியப்பட்டது அதுதான். அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அங்கே சாந்தி பப்பு தலைமையிலான குழு நடத்திய அகழாய்வில், அந்தக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் தெரியவந்தது.

அத்திரம்பாக்கத்துக்கு மனிதர்கள் ஏன் திரும்பத் திரும்ப வந்தார்கள்? பக்கத்தில் ஓடை இருந்தது. கருவி செய்ய ஏற்ற குவார்ட்சைட் கற்கள் அருகிலேயே கிடைத்தன. அதே வட்டாரத்தில் குடியம் என்ற இடத்தில் பெரிய பாறைக் குகைகள் இருக்கின்றன. அங்கும் கற்கருவிகள் கிடைத்துள்ளன. தண்ணீர், வேலைக்கான பொருள், தலைக்கு மேல் ஒரு மறைப்பு. நம் பகுதியின் முதல் முகாம்வாசிகள் கேட்ட கேள்விகள் இவ்வளவுதான். காட்சி அழகாக இருந்ததா என்பதையும் அவர்கள் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்காக மட்டும் அங்கே வந்திருக்க மாட்டார்கள்.

சங்க காலப் பாசறை

கூடாரம் என்றதும் நம் இலக்கியத்தில் நினைவுக்கு வருவது முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள், பாடியவர் நப்பூதனார். அதில் போருக்குப் போன அரசனின் பாசறை எப்படி அமைந்தது என்று விவரம் வருகிறது. காட்டாற்றை ஒட்டிய அகன்ற முல்லை நிலத்தில் இடம் பார்க்கிறார்கள். புதர்களை வெட்டி அகற்றுகிறார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த வேட்டுவர்களின் சிற்றரண்களை அழிக்கிறார்கள். சுற்றிலும் முள்வேலி இடுகிறார்கள். உள்ளே தெருக்கள், நாற்சந்தியில் காவல் யானை, நேரம் சொல்ல நாழிகைக் கணக்கர், இரவெல்லாம் மெய்க்காப்பாளர்.

இதில் இரண்டு செய்திகள் நமக்கு வேண்டியவை. ஒன்று, கூடாரம் அடிப்பது என்பது பாதி வேலைதான். வேலி, வெளிச்சம், இரவுக் காவல் ஆகியவை மீதிப் பாதி. இரண்டு, நாம் 'காலி இடம்' என்று நினைக்கும் எந்த இடமும் காலி இல்லை. அங்கே ஏற்கெனவே யாரோ, அல்லது ஏதோ, இருக்கிறது. இந்த இரண்டாவது விஷயம் இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும்.

பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். மே 22 வரை வேலை நீண்டது. கோட்டின் தென்முனை பெரும்பாக்கம் குன்றுப் பக்கம். நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். நூறு அடி நீள எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். வெயிலில் சங்கிலி நீண்டுவிடக்கூடாது என்பதற்காக அதைப் பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரத் துணி பிடித்து, வெப்பமானி வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். மனிதர் நின்றது சித்திரை வெயிலில், நிழல் சங்கிலிக்கு! இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை இந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது. பிறகு இமயமலைச் சிகரத்தின் உயரம் வரை கணித்தது இதே அளவைதான். பரங்கிமலை உச்சிக்குப் போனால் லாம்டனின் சிலையைப் பார்க்கலாம்.

அளவைக் குழுவினர் கோட்டை முடித்துவிட்டு, குன்றுகுன்றாகக் கூடாரம் அடித்துப் போனார்கள். அவர்களுக்கு வேண்டியது தொலைதூரக் காட்சி. வெயில் காலத்தில் புழுதியும் கானல் நீரும் காட்சியை மறைக்கும். மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் வானம் கண்ணாடிபோல் தெளியும். ஆகவே மழையை ஒட்டிய மாதங்களில் காட்டுக்குள் முகாம் போட்டார்கள். காடுகளில் காய்ச்சல் உச்சத்தில் இருப்பதும் அதே மாதங்களில்தான். லாம்டனுக்கு உதவியாளராக வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், கிருஷ்ணா நதியை அடுத்த காடுகளில் 1819-இல் காய்ச்சலில் விழுந்தார். உடம்பைத் தேற்றிக்கொள்ள ஆப்பிரிக்காவின் தென்முனை வரை போகவேண்டியிருந்தது. பெயர் சொல்லப்படாத எத்தனையோ சங்கிலிக்காரர்களும் சுமைதூக்கிகளும் திரும்பவே இல்லை. இடம் மிக அழகாகத் தெரியும் பருவமும், அது மிக ஆபத்தாக இருக்கும் பருவமும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் உயிர் கொடுத்துக் கற்ற பாடம்.

சிறுமலையா, கோடைக்கானலா?

நம் கேள்விக்கு மிக நெருங்கிய வரலாறு மதுரைப் பக்கம் நடந்தது. யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் மதுரையில் ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். வெயில் ஒருபக்கம், காலரா ஒருபக்கம். முதல் பத்து ஆண்டுகளில் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பலரைப் புதைத்தார்கள். கோடையில் குடும்பத்தோடு போய்த் தங்க ஒரு மலை வேண்டும் என்று தேடினார்கள். ஊட்டி இருந்தது, ஆனால் அன்றைய மாட்டுவண்டிப் பயணத்துக்கு அது வெகு தூரம்.

முதலில் அவர்கள் கண்ணில் பட்டது திண்டுக்கல் அருகிலிருக்கும் சிறுமலை. கிட்டத்தில் இருக்கிறது, பச்சையாக இருக்கிறது, கீழே கொதிக்கும்போது மேலே இதமாக இருக்கிறது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் படம் போட்டிருந்தால் அதற்குத்தான் இதயக் குறி குவிந்திருக்கும். அங்கே போய்த் தங்கியும் பார்த்தார்கள். வெப்பம் குறைந்தது, காய்ச்சல் குறையவில்லை. எந்த நோயிலிருந்து தப்ப மலை ஏறினார்களோ, அதைப் போன்ற இன்னொன்று மலைமேல் காத்திருந்தது.

ஏன் என்று அன்று யாருக்கும் தெரியாது. 'கெட்ட காற்று' என்று சொன்னார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே அதுதான் பொருள். அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல். அதற்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது. மலையடிவாரங்களிலும் நடுத்தர உயர மலைகளிலும் மெதுவாக ஓடும் தெளிந்த நீரோடைகள்தான் சில வகை அனாஃபிலிஸ் கொசுக்களுக்குப் பிடித்த பிறப்பிடம். சாக்கடையில் அல்ல, சுத்தமான ஓடையில்! சுமார் 2,000 மீட்டருக்கு மேல் போனால் குளிரில் அந்தக் கிருமி கொசுவுக்குள் வளர முடியாமல் போகிறது.

மிஷனரிகள் மனம் தளராமல் இன்னும் உயரமான இடம் தேடினார்கள். பழனி மலைகளை 1821-இலேயே லெப்டினன்ட் வார்டு என்ற அதிகாரி அளந்திருந்தார். 1830-களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதியிருந்தார். யாரோ சொன்னதை நம்பாமல், ஏற்கெனவே போய் வந்தவர்களின் குறிப்புகள் கையில் இருந்த இடம் அது. சுமார் 7,000 அடி உயரம். 1845-இல் அங்கே இரண்டு வீடுகள் கட்டிக் குடும்பங்கள் குடியேறின. இன்றைய கோடைக்கானல் அப்படித்தான் தொடங்கியது.

அன்று அங்கே ஏரி கிடையாது. நாம் படகு விடும் ஏரி, மதுரை கலெக்டராக இருந்த வெரி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி உருவாக்கியது. கோக்கர்ஸ் வாக் 1872. அதாவது, முதலில் வந்தது உயிர் பிழைக்கும் இடம். காட்சிகள் பின்னால் வந்தன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த மலைகளில் பளியர்கள் வாழ்ந்தார்கள்; வில்பட்டி, பூம்பாறை போன்ற ஊர்கள் இருந்தன. 'கண்டுபிடித்த' துரைகளுக்கு வழிகாட்டியவர்களும், அவர்களை டோலியில் சுமந்து மலையேற்றியவர்களும் இந்த மண்ணின் மக்களே.

நம் பக்கத்து ஸ்டேஷனின் பெயர்

இதுபோன்ற ஒரு தேடல் நம் வாசலிலும் நடந்திருக்கிறது. தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவிலிருக்கும் ஸ்டேஷனுக்கு 'சானடோரியம்' என்று ஏன் பெயர் என்று நம் குழந்தைகள் கேட்டிருப்பார்கள். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, நல்ல உணவு இவையே சிகிச்சை. இங்கிலாந்தில் அனுபவம் பெற்ற டாக்டர் சௌரி முத்து, நகரத்துக்கு வெளியே குன்றும் மரங்களுமாக இருந்த தாம்பரம் பகுதியில் 1928-இல் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அதை அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காற்று நல்லது என்று நோயாளிகளைக் கொண்டுவந்து தங்கவைத்த வட்டாரத்தில்தான் நாம் இப்போது அடுக்குமாடியில் இருக்கிறோம். அது மட்டுமல்ல, காற்றோட்டம், ரயில் வசதி, பக்கத்தில் டாக்டர் என்ற மூன்றும் ஒன்றாக அமைந்ததால்தான் அந்த இடம் நிலைத்தது.

சாரணர்கள் கற்றதும் மறந்ததும்

பொழுதுபோக்குக்காகவும் பயிற்சிக்காகவும் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கும் பழக்கத்தை உலகமெங்கும் பரப்பியது சாரணர் இயக்கம். 1907 ஆகஸ்ட் 1 முதல் 8 வரை இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களோடு நடத்திய முகாமே அதன் தொடக்கம். இந்தியச் சிறுவர்களுக்கு அந்த இயக்கத்தில் இடம் மறுக்கப்பட்டபோது, சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் 1916-இல் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். பள்ளியில் சாரணர் உடை போட்டவர்களுக்கு நினைவிருக்கும்: மேடான, நீர் வடியும் தரை; குடிநீர் பக்கத்தில்; காலையில் வெயில், மதியம் நிழல்; பட்ட மரத்தடியில் படுக்காதே; கழிப்பிடம் நீர்நிலையை விட்டுத் தள்ளி, காற்று வீசும் பக்கத்துக்கு எதிரில் இருக்கட்டும். அனுபவத்தில் விளைந்த விதிகள்.

நூறு வருடம் கழித்து, அந்த இயக்கத்தின் உலக மாநாட்டு முகாமிலேயே அந்த விதிகள் கைவிட்டுப் போன கதை பலருக்குத் தெரியாது. 25-ஆவது உலகச் சாரணர் ஜம்போரி 2023 ஆகஸ்டில் தென்கொரியாவில் சேமாங்கம் என்ற இடத்தில் நடந்தது. 33 கிலோமீட்டர் நீளமான கடல் அணை கட்டி, கடலிலிருந்து மீட்ட நிலம். இந்த இடத்தை 2017-இலேயே முடிவு செய்துவிட்டார்கள். தயாராக ஆறு வருடம் இருந்தது. சுமார் 43,000 பேர் வந்து இறங்கினார்கள். சேற்றுத்தரை என்பதால் மழைநீர் வடியவில்லை. கொசுவும் பூச்சியும் மொய்த்தன. மீட்ட நிலம் என்பதால் நிழல் தரும் மரமே இல்லை. வெயில் 35 டிகிரியைத் தாண்டியது. முதல் சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கானோர் வெப்பத்தால் சிகிச்சைக்குப் போனார்கள். கழிப்பறைகள் போதவில்லை. மிகப் பெரிய குழுவாக வந்திருந்த பிரிட்டன், சுமார் 4,500 பேரையும் சியோல் ஹோட்டல்களுக்கு மாற்றியது. அமெரிக்கக் குழுவும் வெளியேறியது. ஆகஸ்ட் 8 அன்று புயல் வருகிறது என்று மீதிப் பேரையும் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள்.

பணம் இருந்தது, ஆள் இருந்தது, ஆறு வருடமும் இருந்தது. ஆனாலும் நிழலும் வடிகாலும் இல்லாத இடத்தைப் பணத்தால் சரிசெய்ய முடியவில்லை. தப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு செய்வதெல்லாம் பேண்டேஜ் ஒட்டுவதுதான்.

குரங்கணி

இதை எழுத மனம் வரவில்லை. ஆனால் எழுதாமல் இருப்பது சரியல்ல. 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேலே, குரங்கணி–கொழுக்குமலைப் பாதையில் இரண்டு குழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று சென்னையிலிருந்து போனது; அதில் பெரும்பாலோர் இளம்பெண்கள். இன்னொன்று ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனது. முந்தின நாள் ஏறி, கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பகுதியில் இரவு தங்கி, மறுநாள் இறங்கினார்கள். அழகுக்குப் பஞ்சமில்லாத இடம். மேகம் காலுக்குக் கீழே நிற்கும். மாசி மாதத்தில் அந்தச் சரிவுகளில் புல் இடுப்பளவு காய்ந்து நிற்கும். தீ பிடித்தது. 23 பேர் இறந்தார்கள். அவர்கள் சென்ற பாதைக்கு வனத்துறை அனுமதி இல்லை என்பது பின்னர் தெரியவந்தது.

காட்டுத்தீயைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சமதளத்தைவிடச் சரிவில் தீ வேகமாக ஏறும். கீழே எரியும் தீ, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துச் சூடேற்றிவிடுகிறது. ஆகவே மேல்நோக்கி ஓடுபவரைத் தீ துரத்திப் பிடிக்கும். நெருப்பைப் பார்த்தால் மனிதன் அதைவிட்டு விலகி ஓடத்தான் பார்ப்பான். அந்தச் சரிவில் ஓட வழி எது, ஒதுங்கப் புல் இல்லாத பாறை எது என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு 2018-இலேயே தமிழக அரசு மலையேற்ற விதிகளைக் கொண்டுவந்தது. வனப்பகுதியில் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். ஆண்டுதோறும் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீப்பருவம் என்பதால், மலையேற்றப் பாதைகள் மூடப்படுகின்றன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற வழிகாட்டிகளில் பலர் பழங்குடிக் கிராமங்களைச் சேர்ந்த இளைஞர்கள். நாம் முன்பு பார்த்த குடியம் குகைக்குப் போகும் பாதையும் அதில் ஒன்று. பளியர்களைக் கேட்டு மலையேறிய காலத்துக்கு, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் வந்திருக்கிறோம். இந்தமுறை அவர்களுக்குச் சம்பளமும் சீருடையும் பெயரும் இருக்கின்றன.

ஓடை எங்கிருந்து வருகிறது?

"மே மாதம்தானே, மழை எங்கே?" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான். மழை மேலே மலையில் பெய்தது. வெள்ளம் கீழே வந்தது. ஓடைக்கரையில் படுப்பவர் தன் தலைக்கு மேலிருக்கும் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. ஓடை பிறக்கும் இடத்து வானத்தைப் பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கூடாரத்துக்குள் தூங்குபவர் எதைப் பார்ப்பார்?

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. 'ஏரி வியூ', 'ரிவர் வியூ' என்று நாம் ஆசைப்படும் இடங்கள், தண்ணீரின் பார்வையில் அதன் சொந்த வழி. நம்மில் சிலர் அன்று மொட்டைமாடியில் நின்றுகொண்டு உணவுப் பொட்டலத்துக்குக் காத்திருந்தவர்கள். அவர்களே இன்று ஓடைக்கரைப் படத்துக்கு இதயம் போடுவதைப் பார்த்தால், அழகு எவ்வளவு சீக்கிரம் நினைவை அழித்துவிடுகிறது என்று தோன்றுகிறது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தண்ணீரைப் போலவே யானைக்கும் வழி உண்டு. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் காட்டை ஒட்டிய தனியார் கூடார முகாமில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. யானை வழி தவறி வரவில்லை. கூடாரம்தான் அதன் இடத்தருகே இருந்தது.

அப்படியானால் போகவே வேண்டாமா?

போகத்தான் வேண்டும். நம் பிள்ளைகள் நட்சத்திரம் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? பயமுறுத்தி வீட்டில் உட்காரவைப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. கோடைக்கானலைத் தேடியவர்களும் சிறுமலையில் தோற்றதும் திரும்பிப் போய்விடவில்லை. சரியான மலையைத் தேடினார்கள். நான் சொல்ல வருவது, தேர்ந்தெடுக்கும் வரிசையை மாற்றுவோம் என்பதுதான். காட்சியை முதல் கேள்வியாக வைக்காமல் கடைசிக் கேள்வியாக வைப்போம். அதற்கு முன் வரலாறு கொடுத்த ஆறு கேள்விகள்:

1. தண்ணீர்: குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? வெள்ளம் வந்தால் எங்கே வரும்? கூடாரம் ஓடையின் பழைய கரைத் தடத்தைவிட மேலே இருக்கிறதா?

2. பருவம்: நாம் போகும் வாரத்தில் அந்த இடத்தில் வெயில், மழை, புல், கொசு எப்படி இருக்கும்? படம் எடுத்தது எந்த மாதம்?

3. நிழலும் வடிகாலும்: மதியம் இரண்டு மணிக்கு அறுபது பேர் எங்கே உட்காருவார்கள்? ஒரு மணி நேரம் மழை பெய்தால் தரை என்ன ஆகும்?

4. வெளியேறும் வழி: தீயோ வெள்ளமோ வந்தால் முட்டிவலி உள்ள நம் மூத்தவர்கள் இருட்டில் நடந்துபோக வழி உண்டா? வேன் கூடாரம் வரை வருமா? அருகிலுள்ள மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்? செல்போன் எடுக்குமா?

5. யாருடைய இடம்: பட்டா நிலமா, காப்புக்காட்டை ஒட்டியதா? அனுமதிக் காகிதத்தை நேரில் காட்டுவார்களா? விலங்குகளின் தடம் எது?

6. உள்ளூர் ஆள்: இரவில் நம்மோடு அங்கேயே தங்கும், அந்த ஊரில் பிறந்த ஒருவர் உண்டா?

இந்த ஆறையும் இரண்டு படங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். ஓடைக்கரைத் தோப்புக்கு, படத்தையும் விளம்பரத்தையும் வைத்து ஒரு கேள்விக்குக்கூடப் பதில் கிடைக்கவில்லை. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து தார்ச்சாலை, பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம் புலவர்கள், வள்ளல்கள் பெயர். மேலே ஊர் இருக்கிறது, கடை இருக்கிறது, சாலையை ஒட்டிய மைதானம், ஒதுங்கக் கூரை இருக்கிறது. 'ஸ்கூல் கிரவுண்ட் மாதிரி' இருப்பது இந்த ஆறு கேள்விகளில் குறையாகத் தெரியவில்லை. கிட்டத்தட்ட எல்லாமே சாதகமாகத்தான் வருகிறது. ஆனாலும் அதையும் நேரில் பார்க்காமல் நான் சான்றிதழ் தர மாட்டேன்.

எனவே என் வேண்டுகோள்: வாக்கெடுப்பை ஒரு மாதம் தள்ளிவைப்போம். அதற்குள் மூன்று பேர் கொண்ட சிறு குழு இரண்டு இடங்களுக்கும் நேரில் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு இரவு தங்கி, இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் எழுதிக்கொண்டு வரட்டும். மூவரில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவராகவும், ஒருவர் சிறு குழந்தையின் தாயாகவும் இருந்தால் நல்லது. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்கலாம். நானும் ஒருவனாகப் போகத் தயார். ஓடைக்கரைத் தோப்பு ஆறு கேள்விகளிலும் தேறினால், முதல் ஆளாக மறுபடியும் கை தூக்குவேன்.

நட்சத்திரங்கள் ஓடைக்கரையில் தெரிகிற அளவுக்கு மைதானத்திலும் தெரியும். அறுபது பேர் போய், அறுபது பேரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, நம் கேட்டில் வாட்ச்மேன் அண்ணனிடம் எண்ணிக்கை சொல்லி உள்ளே வருவதுதான் நமக்கு வேண்டிய காட்சி.

அடுத்த இதழில் பயண அனுபவத்தோடு சந்திப்போம்.